பால்காரன் வீட்டு ரத்தச்சோகை

எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லையென்று நான் சொன்னால் ஆந்திர எல்லையிலிருக்கிற எங்கள் நாகலாபுரத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எட்டு மாடு வைத்திருக்கிறேன். எட்டும் நானே பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கியவை, இல்லையென்றால் என் கொட்டகையிலேயே பிறந்தவை. காலையிலும் சாயங்காலத்திலும் பால் சென்டரில் கேனை இறக்கினால், மிஷின் காட்டுகிற கொழுப்பு நம்பரைப் பார்த்துவிட்டு சென்டர்காரர், "உன் மாட்டுக்கு இன்னாதான் போடற நைனா?" என்று கேட்பார். நான் சொல்லமாட்டேன். அதாவது அரைமணி நேரம் நின்று பேசுவேன், ஆனால் முழுசாகச் சொல்லமாட்டேன்.

மாடு எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பவன் பாதி மாட்டுக்காரன். தின்றது உடம்பில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் காலையில் எழுந்ததும் சாணியைக் குச்சியால் கிளறிப் பார்ப்பேன். முழுச் சோளம் அப்படியே கிடந்தால், போட்ட தீனி வாய்வழியாகப் போய் வால்வழியாக வந்துவிட்டது என்று அர்த்தம். இடது பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே பெரிய வயிறு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை உருண்டு கையைத் தள்ளும். தள்ளினால் நிம்மதி. தள்ளவில்லையென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

மாட்டுப் பொங்கலன்று நான் கையில் குச்சியோடுதான் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பேன். சொந்தக்காரர்கள் இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு பக்தியோடு வருவார்கள். வெந்த அரிசி மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் புளித்தால் மாடு ஒரே நாளில் காலை நீட்டிவிடும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஒரு வாய் கொடுங்கள், மீதியை நீங்களே தின்னுங்கள் என்று விரட்டுவேன். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கினேன். பொங்கலில் எனக்கு ஒரு மாடும் செத்ததில்லை.

இவ்வளவு தெரிந்த ஆளுக்குத் தன் பெண்டாட்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நான்கு மாடு அவள் கறப்பாள், நான்கு நான் கறப்பேன். கன்றுக்குட்டிகள் முழுக்க அவள் பொறுப்பு. அவளைப் பற்றி ஊரெல்லாம் நான் பெருமையடித்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. எட்டு மாடு இருக்கிற வீட்டில் அவள் குடிப்பது வரக்காப்பி. ஒரு சொட்டுப் பால் சேர்க்கமாட்டாள். "சென்டருக்குப் போற பால்ல ஒரு டம்ளர் கொறையக்கூடாதுன்னு பாக்கறா பாரு, அவதான் பொம்பள" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் கொட்டகையிலிருந்து ரோட்டுக்குக் கேன் தூக்கிக்கொண்டு வந்தவள் பாதி வழியில் இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா மே, குந்திட்ட?"

"ஒண்ணும் இல்ல. மூச்சு வாங்குது. நீ போய்க்கினே இரு, நான் வரேன்."

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் நான் கேனைப் பிடுங்கிக்கொண்டு, புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் அவளைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. மாசாமாசம் அவளுக்கு எவ்வளவு ரத்தம் போய்க்கொண்டிருந்தது என்பதை டாக்டரம்மா அவளிடம் கேட்டபோதுதான் நானே தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ஆனால் இப்போது கத்தி வைக்க முடியாது, உடம்பில் ரத்தம் ஏழு பாயின்ட்தான் இருக்கிறது, பத்துக்கு வரட்டும் என்றார். ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை.

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். என் வீட்டில் ரத்தச்சோகையா? ஊருக்கெல்லாம் பால் ஊற்றுகிறவன் வீட்டிலா? டாக்டரம்மா தெலுங்கில், "ஏமி தின்டாவம்மா?" என்று, என்ன சாப்பிடுவாய் என்று, அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அன்னி தின்டாதி மேடம்! மா இன்டி பாலு, நாட்டுக்கோடி, ஆகுகூர..." எல்லாம் சாப்பிடுவாள், வீட்டுப் பால், நாட்டுக்கோழி, கீரை என்று நான் அடுக்கியதை அவர் எழுதிக்கொண்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழைப் பத்தாக்குவது எனக்கு ஒரு வேலையா? மெலிந்த மாட்டை மூன்றே மாதத்தில் பளபளவென்று ஆக்கியவன் நான். ஞாயிறும் புதனும் புத்தூரிலிருந்து வாங்கிவந்த ஆட்டு ஈரல். தினமும் முருங்கைக்கீரை. கேழ்வரகுக் களி. பேரீச்சம்பழம். எல்லாவற்றுக்கும் மேலே என் கைச்சரக்கு: கறந்த சூட்டோடு காய்ச்சி, ஆடை மிதக்க, ஒரு பெரிய சொம்புப் பால். இரும்பு மாத்திரையைக் கையில் கொடுத்து, அந்தப் பாலையும் கொடுத்து, சொம்பு காலியாகும்வரை எதிரிலேயே நிற்பேன். காலையில் ஒரு மாத்திரை, ஒரு சொம்பு. ராத்திரி ஒரு மாத்திரை, ஒரு சொம்பு. சென்டரில் என் கேன் குறைந்தது. குறையட்டும், கட்டியவளுக்குத்தானே போகிறது என்று மார்தட்டினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடிப்பாள். அவ்வளவு ஆசையாகக் குடிக்கிறாளே என்று எனக்கு மனசு குளிரும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏழு. இரண்டாவது மாதம் ஆறு புள்ளி ஒன்பது.

லேப் தப்பாக எழுதிவிட்டது என்று கத்தினேன். டாக்டரம்மா என்னைச் சட்டை செய்யாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? போடுகிறாள் மேடம், நான் நின்று கொடுக்கிறேன். சாப்பாடு? ஈரல், கீரை, பால். எல்லாவற்றுக்கும் பதில் நான்தான். அப்படியென்றால் குடல் சத்தை உள்ளே வாங்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும், அதுவரை ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்றார். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் திடீரென்று ஒருநாள் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், இதயத்துக்கும் நல்லதில்லை என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வழக்கமாக என் மேல் சாய்கிறவளே இல்லை, யாராவது பார்ப்பார்கள் என்பாள். நான் மெதுவாக அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். கன்றுக்குட்டிக்குப் பூச்சி இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். நினைத்ததும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவள் கண்ணைத் திறக்காமலே, "நான் இன்னா கன்னுக்குட்டியா?" என்றாள்.

குழாய் விடுகிற நாளுக்கு முன்னால், சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை சொல்கிற ஒரு பொண்ணைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். திருத்தணியிலிருந்து தினம் ரயிலில் வந்துபோகிறவள். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். "அம்மா, காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. இன்னா சாப்புடுவீங்க?"

"காலைல ஆறு மணிக்கு..." என்று நான் தொடங்கினேன்.

"நான் அம்மாவைக் கேட்டேன்."

"நான்தானேம்மா பக்கத்துல நின்னுக்கினு குடுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, கீழ கவுன்ட்டர்ல இந்தச் சீட்டுக்கு சீல் போட்டுக்கினு வாங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். கவுன்ட்டரில் கூட்டமான கூட்டம். என் முறை வந்ததும் அங்கே இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு சீலே தேவையில்லை என்றார். எனக்கு அப்போதே புரிந்தது. என்னை வெளியே அனுப்புவதற்காக ஏமாற்றியிருக்கிறாள்! கொதித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

உள்ளே என் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. கோபப்படலாம் என்று வந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, மாத்திரையைப் பால்லயா குடுக்கறீங்க?"

"வேற எதுல குடுப்பாங்க? அதுவும் எங்க மாட்டுப் பாலு."

"அதனாலதான் ரத்தம் ஏறல."

பாலால் ரத்தம் ஏறவில்லையா? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவள் அசரவில்லை. ஒரு காகிதத்தில் பை மாதிரி ஒன்று வரைந்தாள், அதன் வாலில் நீளமான குழாய். இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடல் தொடங்குகிறது. இருபது அடி நீளம் இருக்கும். ஆனால் இரும்பை உள்ளே வாங்குகிற இடம் பெரும்பாலும் முதல் ஒரு ஜாண், அதற்குமேல் கொஞ்சம். உள்பக்கமெல்லாம் குளிக்கிற துவாலை மாதிரி பூப்பூவாக இருக்கும், அந்தப் பூக்கள்தான் சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகின்றன. பாலும் மாத்திரையும் சேர்ந்து வந்தால், பாலிலிருக்கிற சுண்ணாம்புச்சத்து இரும்பை உள்ளே போகவிடாது. காப்பி, டீயும் அப்படித்தான். அந்த ஜாணைத் தாண்டிவிட்டால் பிறகு வெளியேதான். "அம்மாவுக்கு ரெண்டு மாசமா வெளிக்கி கறுப்பாத்தான் போகுதாம். மாத்திரை போடறவங்க எல்லாருக்கும் கொஞ்சம் அப்டிப் போகும். அம்மாவுக்கு உள்ள நின்னதே கம்மி."

எட்டு மாட்டின் சாணியைத் தினமும் கிளறிப் பார்க்கிறவன் நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "கன்னுக்குட்டி வெறும் பாலைத்தானேம்மா குடிக்குது? அதுக்கு ரத்தம் இல்லியா?" என்று கேட்டேன். இதற்கு இந்தப் படித்த பொண்ணு என்ன பதில் சொல்கிறாள் பார்ப்போம் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. "கன்னு மண்ணு துன்னுதில்ல? செவுத்தை நக்குதில்ல? பால் மட்டும் பத்தலன்னுதான் நக்குது. நீதான் துன்னக்கூடாதுன்னு வாய்க்கூடு கட்டி வெச்சிருக்க" என்றாள் என் பெண்டாட்டி. "கூடு கட்டின கன்னுங்க கண்ணு வெளுத்துக்கினு கெடக்கும். நான் உனக்குத் தெரியாம அவுத்து வுட்ருவேன்."

அந்தப் பொண்ணு பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டாள். "இவ்ளோ நல்லா நானே சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாதவள், டவுன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கவிழ்த்தாளே என்று கோபம் வர வேண்டும். வரவில்லை. யார் பெண்டாட்டி என்று எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும்போல இருந்தது.

டாக்டரம்மாவிடம் காகிதம் போயிற்று. குழாயை ஒரு மாதம் தள்ளிவைத்தார். மாத்திரை இனிமேல் காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு. புளிப்பு சேர்ந்தால் குடல் இரும்பைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். முன்னாலும் பின்னாலும் இரண்டு மணி நேரம் காப்பியும் கிடையாது, பாலும் கிடையாது. வயிற்றைக் குமட்டும், தாங்கிக்கொள்ள வேண்டும்.

குமட்டத்தான் செய்தது. முதல் வாரம் கன்றுக் கொட்டகையில் முளைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி வந்துவிட்டால் மாத்திரை வீணாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வேண்டுமானால் இன்றைக்கு விட்டுவிடு என்று சொல்லப் போவேன். கையைக் காட்டி என்னைப் போகச் சொல்வாள். அந்த உறுதியைப் பார்த்துக்கொண்டு கேனைத் தூக்கிக்கொண்டு போவேன். இரண்டு கேனையும் நான்தான் தூக்கினேன். எலுமிச்சம்பழத்தையும் நானே பிழிந்தேன், ஆனால் எதிரில் நிற்கவில்லை. கன்றுகளின் வாய்க்கூடுகளையெல்லாம் அவிழ்த்து, தாது உப்புக் கட்டி வாங்கித் தொங்கவிட்டேன்.

ஒரு மாதத்தில் எட்டு புள்ளி நான்கு.

நம்பர் எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பால் சென்டருக்குப் போனேன். கொழுப்பு எத்தனை என்று நான் கேட்கவில்லை. "என் வூட்டுக்காரிக்கு எட்டு நாலு" என்றேன். சென்டர்காரர், பாலில் கொழுப்பு போக மீதிச் சத்துக்குப் போடுகிற நம்பரைச் சொல்கிறேன் என்று நினைத்து, எஸ்.என்.எஃபா நைனா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அங்கேயே நின்று, குடலின் முதல் ஜாணைப் பற்றி அவர்களுக்கு அரைமணி நேரம் சொன்னேன், இந்தத் தடவை முழுசாக. இருபத்தாறு வருஷமாக வேண்டாததையெல்லாம் வெளியே தள்ளி, வேண்டியதை மட்டும் பிடித்துவைத்து, வேளைக்கு நான்கு மாடு கறந்த உடம்பு அவளுடையது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் நான். விலகியதும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. இதில் பெருமைப்படாமல் எதில் பெருமைப்படுவது?

அடுத்த மாதம் பத்து புள்ளி ஒன்று. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏமி சேசாவம்மா?" என்று கேட்டார். என்ன செய்தாய் என்று அவளைத்தான் கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு துடித்தது, ஒப்புக்கொள்கிறேன். அவள் தன் அரைகுறைத் தெலுங்கில், நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் தானே சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வயிற்றைத் திறந்து மூடினால் குடல் மிரண்டுபோய்க் கொஞ்ச காலம் அசையாமல் நின்றுவிடுமாம். அது மறுபடி நகர்ந்து, காற்றுப் பிரிந்தால்தான் வாய்க்கு எதையும் கொடுப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் நான் என் வழக்கப்படி முஷ்டியை மடக்கிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன்.

"கை வெச்ச, ஒதைப்பேன்" என்றாள்.

முஷ்டியை விட்டுவிட்டு, தையலுக்கு மேலே எட்டத்தில், போர்வையின் மேல் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்குமே, அதுபோல ஒன்று தூரத்தில் ஓடியது. இன்னொன்று. எத்தனையோ மாட்டின் வயிற்றில் அதைக் கேட்டிருக்கிறேன். இது போல் இனித்ததில்லை.

நன்றாக விடிந்ததும் சிஸ்டர் வந்தார். வார்டில் எல்லாருக்கும் கேட்கிற குரலில், என்னைப் பார்த்து, கேஸ் போயிந்தா, காற்றுப் பிரிந்ததா என்றார். எனக்குத் தெரியும். நான் காதை எடுத்தபிறகு இரண்டு தடவை, சத்தம் எனக்கே கேட்டது. பதில் தொண்டைவரை வந்துவிட்டது.

"ஆமெனே அடகண்டி" என்றேன். அவளையே கேளுங்கள்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிஸ்டரிடம், "போச்சும்மா. ரெண்டு வாட்டி" என்றாள், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு. சரி, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம், என்ன வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். ஊரில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை, காலையில் கறந்ததைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி, முதல் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். மாத்திரை இல்லாத நாள்தானே. நான் மூடியைத் திருகத் தொடங்கிவிட்டேன்.

"வெந்நீர் போதும்மா" என்றாள் அவள். "பால் வேணாம். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பால் புடிக்காது. அந்த வாசனையே ஆவாது."

வரக்காப்பி ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் குடித்த நூற்றுச் சொச்சம் சொம்புகளும் ஞாபகம் வந்தன.

"இருபத்தாறு வருஷமாச் சொல்லவே இல்லியே மே?"

"நீ எப்பக் கேட்ட?"

சிஸ்டர் வெந்நீர் கொண்டுவரப் போனார். நான் ஃபிளாஸ்கின் மூடியை முழுசாகத் திருகிக் கழற்றினேன். பிறகு மூடியில் ஊற்றி நானே குடித்தேன். பால் நன்றாகத்தான் இருந்தது.